சக்கரத்துக்குள்ளே சிவப்பு... பெயின்ட் அடிக்கும் முன் பிரேக்கைப் பாருங்கள்!

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு தெருவுக்குள் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு வாளியும் துணியுமாக கார் குளிப்பாட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும். அந்தக் கார்களில் பத்துக்கு ஒன்றிலாவது, அலாய் வீலின் இடுக்கு வழியாகப் பளிச்சென்று சிவப்பு தெரியும். சிலவற்றில் மஞ்சள், சிலவற்றில் நீலம். பக்கத்து வீட்டுப் பையன் குனிந்து பார்த்து, `ரேஸ் கார் மாதிரி இருக்கு அங்கிள்' என்று சொல்லிவிட்டால் போதும், கார்காரருக்கு அன்றைய ஞாயிறு நிறைந்துவிடும்.

அந்த வண்ணம் பூசப்பட்ட பாகத்தின் பெயர் பிரேக் கேலிப்பர். கடைக்குப் போகாமல் வீட்டு வாசலிலேயே இதற்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் சென்னையின் தென் புறநகர்களில் அதிகம். ஐ.டி வேலை, சொந்தக் கார், கொஞ்சம் காலி இடம் மூன்றும் சேர்ந்து இருக்கிற பகுதி இது. ஒரு டப்பா பெயின்ட், ஒரு ஜாக்கி, ஒரு விடுமுறை நாள் இருந்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள்.

வேலை என்னவோ சுலபம்தான். ஆனால் கை வைப்பது பிரேக்கில். கதவில் பெயின்ட் வழிந்தால் அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். பிரேக்கில் தப்பு செய்தால் ஜி.எஸ்.டி சாலையில் முன்னால் போகும் பஸ் திடீரென்று நிற்கும்போதுதான் தெரியும்.

கேலிப்பர் என்றால் என்ன?

சைக்கிள் பிரேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியை அழுத்தினால் இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். காரிலும் அதே தத்துவம்தான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வட்டமான இரும்புத் தட்டு `டிஸ்க்'. அதைக் கவ்வும் இரண்டு கட்டைகள் `பிரேக் பேடு'. அந்தக் கட்டைகளைத் தாங்கிக்கொண்டு, கிடுக்கி மாதிரி டிஸ்க்கின் மேல் உட்கார்ந்திருக்கும் பாகம்தான் கேலிப்பர்.

நாம் பெடலை மிதித்தால் குழாய் வழியாக பிரேக் ஆயில் பாய்ந்து கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஒரு பேடை டிஸ்க்கில் அழுத்தும். உடனே கேலிப்பர் இரண்டு வழுக்கு ஊசிகளின் மேல் நகர்ந்து, மறுபக்கத்துப் பேடையும் இழுத்து அழுத்தும். மெக்கானிக்குகள் இந்த ஊசிகளை `ஸ்லைடு பின்' என்பார்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன் சக்கரங்களில் மட்டும்தான் டிஸ்க். பின்னால் பழைய டிரம் பிரேக்தான். கேலிப்பரும் வார்ப்பிரும்பில் செய்தது. அதனால்தான் சீக்கிரம் துரு பிடிக்கிறது.

பாடியில் பிறந்த பிரேக்

பிரேக்குக்கும் சென்னைக்கும் இருக்கும் உறவு இன்று நேற்றல்ல. டி.வி.எஸ் குழுமமும் இங்கிலாந்தின் கெர்லிங் நிறுவனமும் சேர்ந்து 1962-ல் `பிரேக்ஸ் இந்தியா'வைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை சென்னை பாடியில். அம்பத்தூர் வட்டாரத்தில் ரானே குழுமத்தின் பிரேக் லைனிங் தொழிற்சாலையும் இருக்கிறது. நாடு முழுக்க ஓடிய எத்தனையோ லாரிகளும் கார்களும் இந்த வட்டாரத்து பிரேக்கில்தான் நின்றன.

தென் பக்கத்தில் கார்களே பிறந்தன. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் `சான்ட்ரோ'வைத் தயாரிக்கத் தொடங்கியது. மறைமலை நகரில் ஃபோர்டு 2022 வரை கார் தயாரித்தது. ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை 2010-ல் வந்தது. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் வீட்டுக்கு ஒருவராவது கார் கம்பெனியிலோ, அதற்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியிலோ வேலை பார்த்திருப்பார்கள். கையில் ஸ்பேனர் எடுக்கத் தயங்காத கூட்டம் இங்கே இருப்பதில் ஆச்சர்யம் இல்லை.

சிவப்பு எங்கிருந்து வந்தது?

டிஸ்க் பிரேக்குக்கு நூறு வயது தாண்டிவிட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பயன்படுத்தியது செம்புக் கட்டை. பிரேக் பிடித்தால் காதைக் கிழிக்கிற சத்தம் வந்ததால் யாரும் பெரிதாக வரவேற்கவில்லை. 1953-ல் பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில், டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் ஜெயித்தது. மற்ற கார்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்த வளைவுகளில், ஜாகுவார் கடைசி நிமிடம் வரை வேகமாகப் போய் பிரேக் பிடித்தது. அதற்கு அடுத்த இரண்டே வருடத்தில் பிரான்ஸின் சித்ரோயன் டி.எஸ் கார் முன் சக்கரங்களில் டிஸ்க்கோடு விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த நம் அம்பாசடர் பல காலம் நான்கு சக்கரத்திலும் டிரம்மோடுதான் ஓடியது.

பந்தயத்திலிருந்து வந்த பொருள் என்பதால் அலங்காரமும் பந்தயத்திலிருந்தே வந்தது. இத்தாலியின் பிரெம்போ நிறுவனத்தின் சிவப்பு கேலிப்பர், வேகமான கார்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. போர்ஷே கார்களில் வண்ணத்துக்கு அர்த்தமே உண்டு. மஞ்சள் கேலிப்பர் தெரிந்தால் செராமிக் டிஸ்க் என்று அர்த்தம். பச்சை தெரிந்தால் ஹைப்ரிட்.

சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் தூரத்து விஷயம் இல்லை. சோழவரத்தில் பந்தயம் பார்த்த தாத்தாக்கள் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்குப் போய்வந்த அப்பாக்கள் இருக்கிறார்கள். 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 ஓடியதையும், 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கியதையும் பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசலில் நிற்கும் ஸ்விஃப்டுக்கும் ஐ20-க்கும் கொஞ்சம் சிவப்பு தடவ ஆசை வருவது இயல்புதானே!

வண்ணம் நிறுத்தாது!

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கேலிப்பருக்குப் பெயின்ட் அடித்தால் பிரேக் ஒரு அங்குலம்கூடக் கூடுதலாகப் பிடிக்காது. அழகு கூடும், துரு பிடிப்பது குறையும். இந்த இரண்டுதான் லாபம்.

சாதாரணப் பெயின்ட் ஏன் ஆகாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நான்கு பேர் உட்கார்ந்த ஒரு சின்னக் கார் சுமார் 1,200 கிலோ. அது 80 கி.மீ வேகத்தில் போய் முழுதாக நின்றால், அந்த வேகத்தின் சக்தி முழுக்க வெப்பமாக மாறுகிறது. எவ்வளவு வெப்பம் தெரியுமா? நம் வீட்டுக் குழாயிலிருந்து பிடித்த ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு! ஒரே ஒரு தடவை நிற்பதற்கு இவ்வளவு. அதில் பெரும்பங்கை முன் சக்கரங்கள்தான் வாங்கிக்கொள்கின்றன. பொங்கலுக்கு முந்தைய நாள் பெருங்களத்தூரிலிருந்து கிளாம்பாக்கம் வரை நின்று நின்று போகும்போதும், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும் எத்தனை லிட்டர் கொதித்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடித்து மீந்த எனாமல் இந்தச் சூட்டில் பழுப்பேறி, வெடித்து, உரிந்துவிடும். கேலிப்பருக்கென்றே விற்கும் வெப்பம் தாங்கும் பெயின்ட்தான் வேண்டும். எத்தனை டிகிரி தாங்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். 200 டிகிரி செல்சியஸுக்குக் குறைவானதைத் தொடவே வேண்டாம். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது.

மழையும் உப்பும் செய்கிற வேலை

தென் சென்னையில் கேலிப்பருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, உப்புக் காற்று. பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நிற்கும் கார்களில் புது கேலிப்பர்கூட சில மாதங்களில் செம்மண் நிறத்துக்கு மாறிவிடும்.

இரண்டாவது, வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் தண்ணீரில் நின்றன. அதில் பட்ட சூட்டில்தான், 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

வெள்ளத்தில் நின்ற காரில் இன்ஜினையும் சீட்டையும்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் முழங்கால் அளவுத் தண்ணீரே கேலிப்பரை மூழ்கடிக்கப் போதும். ஸ்லைடு பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையில் சின்னக் கிழிசல் இருந்தால், அதன் வழியாகச் சேறு உள்ளே போய்விடும். மாதக்கணக்கில் துரு ஏறி, ஒரு நாள் பின் இறுகிவிடும். பிறகு கேலிப்பர் நகராது. ஒரு பக்கத்துப் பேடு மட்டும் தேயும். பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். சில நேரம் பிரேக்கை விட்டாலும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், கருகல் வாடை வரும், சக்கரம் சுடும்.

காரைக் கழுவிய மறுநாள் டிஸ்க்கின் மேல் ஆரஞ்சு நிறத்தில் துரு படிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் அது போய்விடும். கவலைப்பட வேண்டியது உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் பிடிக்கிற துருவைப் பற்றித்தான். அழகாகச் சிவப்பு பூசிய கேலிப்பருக்குள் பின் இறுகிக் கிடந்தால், அது சுவர் விரிசலுக்கு மேல் சுண்ணாம்பு அடித்த கதைதான்.

பெயின்ட்டுக்கு முன் ஐந்து நிமிடம்

பெயின்ட் அடிப்பதற்காகச் சக்கரத்தைக் கழற்றுகிறீர்கள் இல்லையா? பிரேக்கைப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. டப்பாவைத் திறக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

* பேடின் தடிமன். புதிய பேடில் உரசும் பொருள் சுமார் 10 மி.மீ இருக்கும். 3 மி.மீ-க்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.
* உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா? ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் அல்லது பிஸ்டன் இறுகியிருக்க வாய்ப்பு உண்டு.
* பிஸ்டனையும் பின்னையும் மூடியிருக்கும் ரப்பர் உறைகள் கிழியாமல் இருக்கின்றனவா?
* கேலிப்பருக்கு வரும் ரப்பர் ஹோஸில் வெடிப்போ ஈரமோ இருக்கிறதா? ஈரம் இருந்தால் பிரேக் ஆயில் கசிகிறது என்று அர்த்தம்.
* டிஸ்க்கில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருக்கிறதா? ஓரத்தில் வரம்பு மாதிரி மேடு கட்டியிருக்கிறதா?

இதில் ஒன்று சரியில்லை என்றாலும் பெயின்ட் டப்பாவை மூடிவைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போவதுதான் புத்திசாலித்தனம். வண்ணம் அடுத்த வாரம் அடித்துக்கொள்ளலாம்.

ஜாக்கியை நம்பாதீர்கள்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் பெயின்ட் அல்ல, ஜாக்கி. காரோடு வரும் ஜாக்கி, பஞ்சரான சக்கரத்தை மாற்றுகிற பத்து நிமிடத்துக்கு மட்டும்தான். அதை நம்பிக் காருக்கு அடியில் தலையையோ காலையோ நீட்டக் கூடாது.

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். மழைக்குப் பிறகு வீட்டு வாசல் மண் இளகியிருக்கும், அங்கே வேண்டாம். அடுக்குமாடி பார்க்கிங்கின் சரிவுப் பாதையும் வேண்டாம். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கும்போது அதை நம்ப முடியாது, கட்டைதான் காவல்.

வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு ஜாக்கி ஸ்டாண்டின் மேல் காரை இறக்கி வையுங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவைத்தால் இன்னொரு பாதுகாப்பு. ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் போதும். குழந்தைகள் வேடிக்கை பார்க்கலாம், பத்தடி தள்ளி நின்று.

படிப்படியாக...

புதிதாகச் செய்கிறவர்களுக்கு ஸ்பிரேயைவிட பிரஷ் நல்லது. ஸ்பிரேயின் தூசு போன்ற துளிகள் டிஸ்க்கிலும் டயரிலும் படியும். காற்று வாக்கில் பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளைக் காரில் படிந்தால் வேறு வம்பு. பிரஷ்ஷால் அடித்தால் கேலிப்பரைக் கழற்றாமலே முடித்துவிடலாம்.

முதலில் சுத்தம். பிரேக் தூசியை ஒருபோதும் ஊதாதீர்கள், காற்று பம்ப்பால் அடிக்காதீர்கள். பழைய, பெயர் தெரியாத பேடுகளில் கல்நார் கலந்திருக்கலாம். அது நுரையீரலுக்கு எமன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடைப்பதுதான் சரி. பிறகு கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மொத்த வேலையில் பாதிக்கு மேல் நேரம் இதற்குத்தான். இங்கே சோம்பல்பட்டால் பெயின்ட் ஆறு மாதத்தில் உரிந்துவிடும்.

கடைசியாக `பிரேக் கிளீனர்' அடித்து எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். பட்டறைகளில் பாகங்களைக் கழுவ மண்ணெண்ணெயும் பெட்ரோலும் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அவை வேண்டாம். ரப்பர் உறைகளை ஊதவைத்துக் கெடுத்துவிடும், பசையும் விட்டுவைக்கும். தீ ஆபத்து தனி.

அடுத்து மாஸ்கிங் டேப். பெயின்ட் படக் கூடாத இடங்களின் பட்டியல் இது. டிஸ்க்கின் முகம், பேடு, பிஸ்டன், ரப்பர் உறைகள், ஸ்லைடு பின், ஹோஸ், காற்று எடுக்கும் பிளீட் நிப்பிள், ஏ.பி.எஸ் சென்சாரும் அதன் ஒயரும். சக்கரம் வந்து உட்காரும் ஹப் முகத்திலும் அடிக்கக் கூடாது. அங்கே பெயின்ட் படிந்தால் நட்டு முதலில் இறுக்கமாகத் தெரியும். பிறகு பெயின்ட் நசுங்கித் தளர்ந்துவிடும்.

பெயின்ட்டை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் வழியும், உள்ளே காயாது. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது டப்பாவில் இருக்கும். அதையே கடைப்பிடியுங்கள். தின்னர் வாடை தலைசுற்ற வைக்கும். அடைத்த கராஜில் வேண்டாம், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

தாண்டக் கூடாத கோடு

கேலிப்பருக்கு வரும் பிரேக் ஆயில் ஹோஸை மட்டும் கழற்றாதீர்கள். வீட்டு வேலைக்கு அதுதான் லட்சுமணக் கோடு. அதைத் திறந்தால் உள்ளே காற்று புகும். எண்ணெயை அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். விளைவு, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. காற்றை எடுக்கத் தெரிந்த மெக்கானிக் இல்லாமல் அந்தக் காரை ஒரு அடிகூட ஓட்டக் கூடாது.

கேலிப்பரைக் கழற்றி அடிக்கிறவர்கள், அதை ஹோஸில் தொங்கவிடுவதும் தப்பு. கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தாங்கவைக்க வேண்டும்.

பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலைப்பாதை இறக்கத்தில் பெடல் திடீரென்று உள்ளே போவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். நம் ஊர் ஈரக் காற்றில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

எந்த மாதம், எந்த நேரம்?

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். ஈரக் காற்றில் பெயின்ட் மங்கி, பூத்துப்போகும். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். கத்திரி வெயிலில் இரும்பு சுடும்போது அடித்தால் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து பிரஷ் கோடு விழும். பனி விலகிய காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால், மதியம் கடல் காற்று திரும்பி ஈரம் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். இரண்டு முன் சக்கரங்களுக்கு ஒரு பகல் சரியாக இருக்கும். காய்வதற்கு இன்னொரு நாள் விடுங்கள். சனிக்கிழமை அடித்தால் திங்கட்கிழமை ஆபீஸுக்கு எடுக்கலாம்.

குறுக்கு வழி கவர்கள்

இவ்வளவு பாடு எதற்கு என்று, கேலிப்பரின் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக், அலுமினியக் கவர்களை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய பந்தய கேலிப்பர் மாதிரி தெரியும், விலையும் குறைவு. ஆனால் கேலிப்பர் வெளியேற்ற வேண்டிய சூட்டை அது போர்வை மாதிரி மூடிவைக்கும். பசை விட்டுப்போய்க் கழன்றால், சுற்றுகிற சக்கரத்துக்கும் கேலிப்பருக்கும் நடுவே சிக்கும். வேகமாகப் போகும்போது அது என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஐம்பது ரூபாய் பிரஷ் அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொரு எச்சரிக்கை. அழகுக்குப் பணம் செலவழித்துவிட்டு, பேடில் மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. பெயர் தெரியாத மலிவு பேடுகளும், பிரபல கம்பெனி அட்டைப்பெட்டியில் வரும் போலிகளும் சந்தையில் கிடைக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட கடையில் பில்லோடு வாங்குங்கள்.

ஆர்.டி.ஓ பயம் சிலருக்கு வரும். ஆர்.சி புத்தகத்தில் பதிவாகியிருப்பது காரின் நிறம். அதை மாற்றினால்தான் பதிவு செய்ய வேண்டும். கேலிப்பரின் நிறம் அதில் இல்லை. ஆனால் வாரன்டி காலத்தில் இருக்கும் கார் என்றால், கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மாட்டிய பிறகு...

டேப்பை எல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, காரைத் தரையில் இறக்கிய பிறகு கடைசி இறுக்கு கொடுங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். தெருமுனை பஞ்சர் கடையில் டார்க் ஸ்பேனர் இருந்தால் அங்கே போய் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். 50 கி.மீ ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை.

வண்டியை எடுக்கும் முன், நின்ற இடத்திலேயே பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள். பெடல் கெட்டியாக மேலே நிற்க வேண்டும். பிறகு தெருவுக்குள்ளேயே நடை வேகத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள். கார் நேராக நிற்கிறதா, சத்தம் வருகிறதா, வாடை வருகிறதா என்று கவனியுங்கள். எல்லாம் சரி என்றால்தான் வேளச்சேரி மெயின் ரோடும் ஜி.எஸ்.டி சாலையும்.

மாதம் ஒருமுறை, நாலைந்து கி.மீ ஓட்டிவிட்டு நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் கையைக் காட்டிப் பாருங்கள். தொடக் கூடாது, அனல் மட்டும் தெரிந்தால் போதும். இரண்டு முன் சக்கரங்களும் ஒரே மாதிரி சுட வேண்டும். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. காசு செலவில்லாத இந்தச் சோதனையைப் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம். அக்கறையோடு பார்க்கிற ஒரு ஜோடிக் கண் வீட்டில் கூடினால் நல்லதுதானே!

பட்டறையில் கொடுத்தால் அரைநாளில் முடியும் வேலையை வீட்டில் இரண்டு நாள் இழுத்துச் செய்வதில் மிச்சமாகும் பணம் பெரிதாக இல்லை. ஆனால் வருடக்கணக்கில் ஓட்டியும் ஒரு தடவைகூடப் பார்த்திராத பாகத்தை, பெயின்ட் அடிக்கிற சாக்கிலாவது குனிந்து பார்க்கிறார்களே, அதுதான் உண்மையான ஆதாயம். சிவப்பு இரண்டு வருடத்தில் மங்கிவிடும். அன்றைக்குக் கண்ணில் பட்ட தேய்ந்த பேடும், கிழிந்த ரப்பரும் சரிசெய்யப்பட்டிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பத்தைப் பத்திரமாக வீடு சேர்த்திருக்கும்.